இங்கே, வேறெங்கோ

மூச்சு உள்ள வருது, வெளிய போகுது, அத மட்டும் பாத்துட்டு இருங்க மேடம், வேற ஒண்ணும் செய்ய வேணாம் என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சிக்காக வந்திருக்கும் நஸ்ரின் எனக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதில் இரண்டு பொத்தான்கள். நடுநடுவே ஒரு மணி அடிக்குமாம். அந்த நொடியில் மனசு மூச்சில் இருந்தால் இடது பொத்தானை அழுத்த வேண்டும், அதற்கு இங்கே என்று பெயர். மனசு வேறு எதையாவது பிடித்துக்கொண்டு போயிருந்தால் வலது பொத்தான், வேறெங்கோ. இதுல சரி தப்பு கிடையாது மேடம் என்றாள். சரி தப்பு கிடையாது என்று சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நான் புறநகர் மின்சார ரயில் ஓட்டுகிறவள். வேலைக்குப் பெயர் மோட்டார்மேன், பெண்கள் வந்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை, நானும் கேட்கவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு மனசு வேறெங்கோ இருந்தது என்று சொல்ல முடியாது. மூச்சு உள்ளே வருகிறது. தினமும் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும்போது ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள், குடித்திருக்கிறோமா என்று பார்க்க. நான் குடிப்பேனா என்ன, ஆனாலும் ஊத வேண்டும், ஊதி முடிக்கும்வரை எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். மூச்சு என்றால் எனக்கு அந்தக் குழாய்தான். வெளியே போகிறது. மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் தட்டிவிட்டுப் போகிறது. ஜன்னல் கண்ணாடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், அதனால் மூடிய இமைக்குள்ளும் வெளிச்சம் பச்சையாகத்தான் வருகிறது, குளத்துக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல. கீழே, நாங்கள் கையெழுத்துப் போடுகிற லாபியில் யாரோ டீ சொல்கிறார்கள். இரண்டா மூன்றா என்று இன்னொருவர் கேட்கிறார். மூச்சு. மூச்சைப் பார்.

மணி அடித்தது. ஒரே ஒரு மணி. என் உடம்பு முழுக்க அடுத்த மணிக்குக் காத்திருந்தது. வண்டியின் கடைசியில் இருக்கிற கார்டு இரண்டு மணி அடித்தால் புறப்படலாம், ஒன்று அடித்தால் நிற்க வேண்டும். இரண்டாவது வரவில்லை. அப்படியானால் நிற்க வேண்டும், எங்கே நிற்பது, நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைவு வந்தபோது என் விரல் இடது பொத்தானை அழுத்தியிருந்தது. இங்கே. பொய்தான், அந்த நேரத்தில் நான் கீழே டீயில் இருந்தேன், அதற்குப் பிறகு வண்டியில் இருந்தேன். ஆனால் வேறெங்கோ என்று கை எப்படி அழுத்தும்? பதினான்கு வருஷமாகப் பழகிய கை. ஓட்டும்போது கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் ஓட்டுகிறவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று வண்டி தானாக நின்றுவிடும். மூக்கு அரித்தால்கூட மறு கையால்தான். வீட்டில் நிறைமதிக்குத் தலை பின்னும்போது, அம்மா வலிக்குது, இவ்ளோ இறுக்காத என்பாள். ஒன்பது வயசுக் குழந்தையின் முடி. நான் இறுக்குவது எனக்குத் தெரிவதில்லை. தெரிவதில்லை என்று நஸ்ரினிடம் சொல்லவில்லை. முதலில் அவள் கேள்விகள் படித்தாள், நான் பதில் சொன்னேன். நடக்கும்போது உடம்பு அசைவதைக் கவனிப்பீர்களா, எப்போதும். கடிகாரச் சத்தம், பறவைச் சத்தம், வண்டி போகிற சத்தம் காதில் விழுமா, எப்போதும். வாசனைகள் தெரியுமா, தெரியும், எப்போதும். அவளுக்குச் சந்தோஷம், இவ்வளவு கவனமுள்ள ஆளை நான் பார்த்ததில்லை என்று சிரித்தாள். நர்ஸுகள், பேங்க்காரர்கள், டீச்சர்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு எங்களிடம் வந்திருக்கிறாள். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கவனம் கூடக்கூட மன அழுத்தம் குறைகிறதா, அதுதான் அவள் ஆராய்ச்சி. பிறகு மன அழுத்தக் கேள்விகள் வந்தன. நெஞ்சு படபடக்குமா, திடீரென்று எரிச்சல் வருமா, எல்லாம் கை மீறிப் போவதுபோலத் தோன்றுமா. அதற்கும் உண்மையைத்தான் சொன்னேன், ஏனென்று தெரியவில்லை, அந்தப் பெண்ணின் குரல் அப்படி. சொல்லச் சொல்ல அவள் பேனா மெதுவானது. கவனமும் மேல, அழுத்தமும் மேல, ரெண்டும் ஒண்ணா ஏறுதே மேடம் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்.

மூச்சு உள்ளே வருகிறது. புறா ஒன்று ஜன்னல் விளிம்பில் நடக்கிறது, நகம் தகரத்தில் படுகிறது. போன மாதத்திலிருந்து எனக்கு எல்லாம் கேட்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுவது மாடியிலிருந்தே கேட்கிறது. கடைத்தெருவில் என் வீட்டுக்காரர் குணசேகரன் சாலையைக் கடக்கப் போனால் சட்டையின் முதுகைப் பிடித்து இழுத்துவிடுகிறேன். மனிதர் ஐ.டி.ஐ.யில் பிள்ளைகளுக்கு லேத் சொல்லிக்கொடுப்பவர், சத்தமாகப் பேசிப் பேசி வீட்டிலும் அந்தக் குரல்தான். நடுத்தெருவில் எல்லோரும் பார்க்க, நான் என்ன சின்னப் பையனா தாட்சா, எதுக்கு இப்படி புடிச்சு இழுக்கற என்றார். பஸ் வருதுங்க. அது எங்கயோ வருது. எங்கயோ வருவது எனக்கு இங்கேயே வருகிறது. அவரிடம் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? நடக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? நடந்திருந்தால் சொல்லலாம். வண்டியில் ஆள் அடிபட்டால் மோட்டார்மேனை இறக்கி உட்காரவைப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், டியூட்டியிலிருந்து எடுத்துவிட்டு இரண்டொரு நாள் வீட்டுக்கு அனுப்புவார்கள், டாக்டர் பேசுவார். அன்றைக்கு அடிபடவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. மணி அடித்ததா? அடித்தது. இடது. இங்கே.

காலை வண்டி. கொரட்டூரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, பாதை லேசாக வளைகிற இடம். முந்தின இரவு மழை பெய்திருந்தது, ஜல்லிக் கற்கள் கறுப்பாக, வேலிப்பக்கத்துப் புல் பளபளவென்று. வெயில் சாய்ந்து விழுந்து தண்டவாளம் இரண்டும் எரிந்துகொண்டு போனது. அழகாக இருந்தது என்றுதான் நினைத்தேன், அதை நினைத்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் பாதையில் இருந்தாள். ஏறி வந்ததை நான் பார்க்கவில்லை. இல்லாத இடத்தில் இருந்தாள். பாசிப் பச்சையில் சுடிதார், குளித்துவிட்டு விரித்துவிட்ட தலையில் ஒரு கிளிப், சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். இருபத்தைந்து இருக்கலாம். ஹாரன், எமர்ஜென்சி பிரேக், எல்லாம் என் கை தானாகச் செய்தது. அவள் ஓடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருக்கிற என்னை, ஆளை, நேராகப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஏதோ சொன்னாள். அவ்வளவு சத்தத்தில் என்ன கேட்கும்? பிறகு கண்ணாடியின் கீழ் விளிம்பில் அவள் இல்லை. அடியில் போனாளா, பக்கத்தில் போனாளா. வண்டி நின்று முடியும்வரை, அது நிற்கிற நேரம் இருக்கிறதே, இரும்பும் இரும்பும் உரசி ஒரு நீளமான சத்தம், அதற்குள் நான் ஒரு சமையலறையைப் பார்த்தேன். யாருடைய சமையலறை என்று தெரியாது. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

இறங்கினேன். பின்னாலிருந்து கார்டு ஞானப்பிரகாசம் சார் கற்களின்மேல் விழுந்து எழுந்து வந்தார், ரிட்டயர் ஆகப் போகிறவர், முழங்கால் சரியில்லாதவர். இருவரும் குனிந்து குனிந்து ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பார்த்துக்கொண்டு போனோம். வாசலில் தொங்கியவர்களில் ஒருத்தன், என்னா மேடம், பஞ்சரா என்றான், நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர், ஆபீஸுக்கு லேட்டாவுதும்மா என்றார், கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக. அடியில் ஒன்றும் இல்லை. ஒரு செருப்பு இல்லை, துணி இல்லை, பை இல்லை. வேலிப்பக்கம் யாரும் இல்லை. ஒரு ஆடு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஞானப்பிரகாசம் சார் என் தோளைத் தொடலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத் தொடாமலே சொன்னார், ஒண்ணும் இல்லம்மா, குறுக்க ஓடிப் போயிருக்கும், இதுங்களுக்கு எல்லாம் பயமே கெடையாது, வா, வண்டிய எடு. ஒண்ணும் இல்லம்மா. நல்ல மனிதர், ஆறுதலுக்குச் சொன்னார். அந்த ஒண்ணும் இல்ல என் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. சோறு இறங்குகிறது, தண்ணீர் இறங்குகிறது, அது மட்டும் இறங்கவில்லை. இரண்டு மணி அடித்தார். எடுத்தேன். பட்டரவாக்கம், அம்பத்தூர், எல்லா ஸ்டேஷனிலும் சரியான இடத்தில் நிறுத்தினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வளைவைத் தாண்டி ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு தப்பு சொல்ல முடியாது.

அவள் எங்கே போனாள்? உயிரோடு இருந்தால் எங்காவது இருக்க வேண்டும். பெண்கள் பெட்டி வாசலில் தேடுகிறேன், துணிக்கடையில் தேடுகிறேன், நிறைமதியின் பள்ளி வாசலில் அம்மாக்களுக்கு நடுவே தேடுகிறேன். பாசிப் பச்சை எங்கே தெரிந்தாலும் நின்று முகத்தைப் பார்க்கிறேன். பார்த்தால் என்ன செய்வேன், கையைப் பிடித்துக்கொண்டு நீ என்னம்மா சொன்ன என்று கேட்பேன். என்ன சொல்லியிருப்பாள்? உதடு சேர்ந்து பிரிந்தது. சேர்ந்து பிரிந்தால் மா, பா. அம்மா என்றாளா? எல்லோரும் அம்மா என்றுதான் சொல்வார்கள். போ என்றாளா? போ என்றால் யாரை, என்னையா, தன்னையா? வேண்டுமென்றே வந்து நின்றாளா, இல்லை என்னைப்போல அவளும் வெயிலில் தண்டவாளம் எரிவதை அழகாயிருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு வந்தாளா? அப்படியும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே அழகைப் பார்த்துக்கொண்டிருந்தோம், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து. மூச்சு உள்ளே வருகிறது. பச்சை வெளிச்சம் இப்போது கெட்டியாகி முழங்கால்வரை நிற்கிறது. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஈரத் தலை, சாப்பாட்டுப் பையைத் திறக்கிறாள். உள்ளே எலுமிச்சை சாதமும் பொரித்த அப்பளமும், அப்பளம் நமுத்துப் போயிருக்கிறது. நமுத்துப் போச்சு பாருங்க என்கிறாள். ஓட்டும்போது சாப்பிடக் கூடாதும்மா என்கிறேன். யாரு ஓட்டறா, நிக்குதே என்கிறாள். ஆமாம், நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், அதில் ஸ்டேஷன் பெயர்ப் பலகை ஒன்று மஞ்சளாக மிதந்து போகிறது, எழுத்தெல்லாம் கரைந்திருக்கிறது. அவள் உதட்டைப் பார்க்கிறேன். சொல்லு, இப்ப சொல்லு, சத்தமே இல்லை பார், இப்ப கேக்கும். அவள் அப்பளத்தை உடைத்து எனக்குப் பாதி தருகிறாள். மெல்லுகிறேன், மெல்ல மெல்ல நூல் மாதிரி நீள்கிறது, முடியவில்லை. பிரேக்கைப் பிடித்திருக்கிறேனே, விடலாமா என்று கேட்கிறேன். யாரிடம் கேட்கிறேன்? யாரோ என் தோளைத் தொடுகிறார்கள்.

"மேடம். தாட்சாயணி மேடம்."

நஸ்ரின் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியை நான் இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தேன். விரல் நகங்கள் வெளுத்திருந்தன. அவள் பெட்டியை வாங்கவில்லை, கையை மட்டும் மேலே வைத்தாள்.

"முடிஞ்சிருச்சா?" என்றேன்.

"முடிஞ்சு கொஞ்ச நேரம் ஆச்சு. நீங்க கண்ணத் தொறக்கல, அதான் தொட்டேன். பயந்துட்டீங்களா?"

"தூங்கிட்டேனா?"

"தெரியல மேடம். உக்காந்த மேனிக்குத்தான் இருந்தீங்க. கடைசியா அடிச்ச மூணு மணிக்கும் நீங்க எதையும் அழுத்தல."

"எந்த மூணு மணி?"

என் முகத்தில் என்ன பார்த்தாளோ, அவசரமாகச் சொன்னாள். "அது பெரிய விஷயமே இல்ல. நெறையப் பேருக்கு ஆகும். இதுவும் எனக்கு ஒரு தகவல்தான். உங்க பேரு எங்கயும் போகாது. ஆபீஸுக்கும் போகாது."

போகாதுதான். மூன்று முறை மணி அடித்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. குழாய் சொட்டுவது கேட்கிற காது, புறாவின் நகம் கேட்கிற காது. கீழே சாயங்கால வண்டிக்கு என் பெயர் எழுதியிருக்கிறது. ஆபீஸ் விடுகிற நேரம், பன்னிரண்டு பெட்டியும் பிதுங்கும். நான் படி இறங்கிப் போய்க் குழாயில் ஊதினால் குழாய் என்ன சொல்லும்? ஒன்றுமில்லை என்று சொல்லும்.

"நீங்க எங்க இருந்தீங்கன்னு கேக்கலாமா? ஆராய்ச்சிக்கு இல்ல. சும்மா."

சொன்னேன். கொரட்டூர் வளைவு, ஈரத் தலை, சாப்பாட்டுப் பை, குனிந்து குனிந்து பார்த்தது. ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னும் பின்னுமாகச் சொன்னேன், ஆட்டைப் பற்றி இரண்டு முறை சொன்னேன். முதல் இரண்டு மணிக்கும் பொய்யாக அழுத்தியதையும் சொன்னேன். அவள் எழுதவில்லை. சொல்லி முடித்ததும் கேள்வித்தாளை எடுத்துப் புரட்டினாள். பிறகு மெதுவாகப் பேசினாள், யோசித்துக்கொண்டே பேசுகிறவள்போல.

"அக்கா, நான் உங்ககிட்ட சத்தம் கேக்குமா, வாசன தெரியுமான்னு கேட்டேன். நீங்க எப்பவும்னு சொன்னீங்க. அத நான் கவனம்னு மார்க் போட்டேன். பயந்தவங்களுக்கும் எல்லாம் கேக்கும். என்னோட கேள்விக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

"அப்ப எனக்குக் கவனம் இல்லயா?"

"இருக்கு. ஆனா ஒரு எடத்துலயே நின்னுட்டு இருக்கு. யாராவது கூட நின்னாத்தான் அது நகரும். ஒரு டாக்டரைப் பாருங்க, நான் நம்பர் தரேன். இன்னைக்கு டியூட்டி இருக்கா?"

"இருக்கு."

இருக்கு என்று சொன்னபோது நான் முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன், இல்லை, முடிவு செய்யவில்லை, படியில் இறங்கும்போதுகூடச் செய்யவில்லை. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினேன், சுண்ணாம்பு விரலில் வந்தது. ஏதாவது சொல்லலாம், தலைவலி, வயிற்று வலி, பெண்கள் வயிற்று வலி என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஜன்னலுக்குப் பின்னால் டியூட்டி போடுகிற ரங்கராஜன் சார் காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வந்து நின்றார்கள், இருவரும் தெரிந்த மோட்டார்மேன்கள். அவர் போனை வைத்துவிட்டுக் குழாயை எடுத்து நீட்டினார்.

"நான் ஊதல சார். இன்னைக்கு என்னால வண்டி எடுக்க முடியாது."

"என்னம்மா இப்ப வந்து சொல்ற. ஜுரமா?"

"இல்ல சார்."

"பின்ன?"

வயிற்று வலி நாக்கு நுனிவரை வந்தது. "மணி அடிச்சது எனக்குக் கேக்கல சார். மேல, அந்த ஆராய்ச்சி ரூம்ல. மூணு தடவ அடிச்சிருக்கு. கேக்கல. போன மாசம் கொரட்டூர்ல ஒரு பொண்ணு குறுக்க வந்துச்சு, அதுலேர்ந்து எனக்குச் சரியில்ல."

பின்னால் நின்ற இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ரங்கராஜன் சார் என்னைப் பார்த்தார், பிறகு அவர்களைப் பார்த்தார். கேலி செய்வார், இல்லையென்றால் கத்துவார், பொம்பளைங்களைப் போட்டா இப்படித்தான் என்பார் என்று நான் தோளை இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் குழாயை மேஜைமேல் வைத்தார்.

"அந்த ரிப்போர்ட்டுல ஒண்ணும் ஆகலன்னுதானே எழுதியிருந்துச்சு."

"ஒண்ணும் ஆகல சார். அதான் சொல்ல முடியல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். "சரி. வேற ஆள் பாக்கறேன். நாளைக்குக் காலையில நேரா டாக்டர்கிட்ட போ, நான் பேசி வைக்கறேன்." பின்னால் நின்றவரிடம், "சம்பத், நீ கொஞ்சம் இருப்பா, வீட்டுக்குப் போயிடாத" என்றார். மறுபடி என்னிடம், "தனியாவா போற? வீட்டுல யாரையாவது வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் சார், பெரம்பூர்தான், பக்கம்தான் என்றேன். சீக்கிரம் நடந்தேன்.

குணசேகரனுக்குப் போன் செய்தேன். லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, என்ன தாட்சா, இந்த நேரத்துல என்று கத்தினார். வீட்டுக்கு வரேங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்றேன். சத்தம் நின்றது, அவர் எங்கோ வெளியே நடந்து வந்திருக்க வேண்டும். வா, நானும் சீக்கிரம் வரேன் என்றார், அவ்வளவு மெதுவான குரலை அவரிடம் எப்போது கேட்டேன் என்று நினைவில்லை. பெண்கள் பெட்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஓட்டாத வண்டியில் போவது எப்போதும் எனக்குச் சங்கடம்தான், பக்கவாட்டில் பார்க்க வேண்டியிருக்கும், முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. பக்கத்தில் ஒரு பருத்த பெண்மணி அவித்த வேர்க்கடலையைத் தோலுரித்துத் தின்றுகொண்டே போனில் யாருடனோ கேஸ் சிலிண்டர் வராததைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. யாரோ ஓட்டுகிறார்கள். சம்பத்தாக இருக்குமா, இல்லை, இது வேறு வண்டி. மெதுவாக எடுத்தான், நல்ல கை. பேசின் பிரிட்ஜ் வரும், வியாசர்பாடி வரும். சிலிண்டர் புக் பண்ணி எவ்ளோ நாள் ஆவுது தெரியுமா என்கிறாள் பக்கத்துப் பெண்மணி, எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதில்லை. அவள் தோள் மெத்தென்று இருக்கிறது. காற்றில் கடலைத் தோல் பறக்கிறது. மூச்சு

"எங்கம்மா எறங்கணும் நீ?"

கண்ணைத் திறந்தேன். என் தலை அவள் தோளில் இருந்தது. பெட்டி பாதி காலி. வெளியே பொழுது சாய்ந்து, வீடுகள் குறைந்து, ஒரு ஏரியின் ஓரம் வண்டி போய்க்கொண்டிருந்தது, தண்ணீர் முழுக்கக் காவி நிறம்.

"பெரம்பூர்."

"பெரம்பூரா? நல்ல பொண்ணு போ. திருநின்றவூரே தாண்டியாச்சு."

"எழுப்பியிருக்கலாமே."

"வாயத் தொறந்துட்டு அப்படித் தூங்கற. எழுப்ப மனசு வரல" என்று தோளை ஒருமுறை சுழற்றி உதறிக்கொண்டாள், மரத்துப் போயிருக்கும். பையிலிருந்து ஒரு கை கடலை அள்ளி என் மடியில் போட்டாள். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி எதிர் வண்டி பிடிக்க வேண்டும், குணசேகரன் வந்து காத்திருப்பார். கடலையை உரித்தேன். எத்தனையோ ஸ்டேஷன் போயிருக்கிறது. கொரட்டூர் எப்போது வந்தது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.